குயில்: சொல்லும் வழக்கும்

ஐரோப்பியக் கவிஞர் போற்றிய நைட்டிங்கேல் தென்னிந்தியாவில் வாழும் பறவையன்று. அது ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இனம்பெருக்கி, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிப்பது. ஆயினும் சரோஜினி நாயுடுவுக்கு (1879-1949) வழங்கிய 'இந்தியாவின் நைட்டிங்கேல்' என்னும் சிறப்புப்பெயர் தமிழில் 'கவிக்குயில்' என்றே நிலைபெற்றது. அயற்பறவையின் பெயரைக் குயில் என்னும் சொல் ஏற்றமைக்கான காரணத்தை அச்சொல்லின் வரலாற்றைக் கொண்டு ஆராயலாம்.

குயில் என்பது தமிழில் பெயராக மட்டுமன்றி வினையாகவும் வழங்கும். குயிலுதல் என்பதற்குக் கூவுதல், சொல்லுதல், இசைக்கருவி ஒலித்தல் ஆகிய பொருள்கள் உள்ளன. சிலப்பதிகார அரங்கேற்று காதை இசைக்கருவியாளரை இவ்வினையடியாகவே சுட்டுகிறது. மதுரைக்காஞ்சியில் மணி துளைப்போரைக் குறிக்கும் குயினர் என்பதோ துளைத்தற்பொருளுடைய வேறொரு வினையடியாகப் பிறந்தது. இரண்டையும் மயக்குதல் கூடாது.

கன்னடத்தில் இப்பறவை 'கோகிலெ' எனப்படும். அதன் கூவலைக் குறிக்கும் 'குகில்' என்னும் பழஞ்சொல்லும் அம்மொழியில் உண்டு. வடமொழிக் 'கோகில'மும் ஒலிக்குறிப்பாகவே பிறந்ததாகலின், ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு கடன்பேற்றைத் துணிதல் பொருந்தாது. எனினும் தமிழ், கன்னடம் இரண்டிலும் காணப்படும் வினையாட்சி திராவிட வேர் உண்மைக்கு வலுவூட்டுகிறது.

இவ்விருமொழி உறவுக்குக் கபினியாற்றங்கரை ஊராகிய நஞ்சன்கூடும் சான்றாகும். நஞ்சுண்ட ஈசனின் உறைவிடம் என்னும் பொருளுடைய இவ்வூர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'கூடு' இரு மொழிக்கும் பொதுச்சொல். தனக்கெனக் கூடு கட்டாத குயிலுக்கோ, பிறரால் வளர்க்கப்பட்டது என்னும் பொருளில் 'பரபுட்டம்' என்ற பெயர் வடமொழிவழி வந்தது. இனிய குரலுடையது என்னும் பொருள்தரும் 'களகண்ட'த்திலுள்ள கண்டமே அவ்வூர்ச் சிறீகண்டேசுவரர் பெயரிலும் அமைந்துள்ளது.

ஐங்குறுநூற்று இளவேனிற் பத்தில் குயிற்பெடையின் குரல் தலைவன் வாராத பருவத்தை அறிவிக்கிறது. ஆண்டாளும் மாணிக்கவாசகரும் குயிலை விளித்துப் பாடினர். 10ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கவிஞர் பம்பன், பனவாசிச் சோலையில் குயிலாகவேனும் பிறத்தலை விழைந்தார். பாடுவது ஆண்பறவையே என்பது பறவையியல் உண்மை. ஐங்குறுநூறோ குரலைப் பெடைக்கு உரியதாக்கியது. நைட்டிங்கேலிலும் பாடுவது ஆணே. ஆனால் ஃபிலொமேலா தொன்மம் அதனைத் துயருற்ற பெண்ணாகக் கண்டது.

பாரசீகத்தில் நைட்டிங்கேலைக் குறிக்கும் 'புல்புல்' இந்தியாவில் கொண்டைக்குருவிக்குப் பெயராயிற்று. ஆயினும் கொண்டைக்குருவி என்று பெயர்த்தால் கவிமரபு துலங்காது. பிரிவு, பருவம், பெண்குரல் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமப்பது குயில் என்னும் சொல்லே. ஆகவே 'கவிக்குயில்' பறவையின் பெயர்ப்பன்று, மரபின் பெயர்ப்பு என்பது புலனாகும்.