புற்றுநோய்சார் அறிதிறன் குறைபாடு

புற்றுநோய்சார் அறிதிறன் குறைபாடு என்பது புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்திலோ அதன் பின்னரோ நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகம் ஆகியவற்றில் ஏற்படும் தளர்ச்சி ஆகும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடமே இது மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் பேணிவரும் சென்னைப் பதிவேட்டின்படி, பெண்களிடையே முதலிடம் வகிப்பதும் இப்புற்றுநோயே.

காரணங்கள்

வேதிச்சிகிச்சை (கீமோதெரபி) மருந்துகள் உடலில் அழற்சியையும் டி.என்.ஏ. சிதைவையும் உண்டாக்குகின்றன. இவ்விரண்டும் முதுமையிலும் நிகழ்வதால், சிகிச்சை மூளை மூப்படைதலை விரைவுபடுத்தக்கூடும் எனக் கருதப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவு, இரத்தசோகை, உறக்கமின்மை, மனக்கவலை ஆகியனவும் காரணங்களாகலாம். சிலருக்குச் சிகிச்சைக்கு முன்னரே இக்குறைபாடு காணப்படுகிறது.

மறதிநோயுடன் தொடர்பு

இக்குறைபாடும் மறதிநோயும் (டிமென்சியா) ஒன்றல்ல. பலருக்கு இது நாளடைவில் குறைகிறது; சிலருக்குப் பல ஆண்டுகள் நீடிக்கிறது. 2025இல் வெளியான தென்கொரிய ஆய்வொன்றில், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற 70,701 பெண்களுக்கு ஆல்சைமர் நோய் ஏற்படும் வாய்ப்பு, அப்புற்றுநோய் இல்லாத பெண்களைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆயினும், ஐந்தாண்டுகளுக்குப் பின் இவ்வேறுபாடு நீடிக்கவில்லை. எனவே, மறதிநோய்க்கு அஞ்சிப் புற்றுநோய்ச் சிகிச்சையை இடையில் நிறுத்துதல் தகாது.

மேலாண்மை

உடற்பயிற்சி, நினைவுப் பயிற்சிகள், போதிய உறக்கம், அன்றாடப் பணிகளைக் குறித்துவைத்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன.