ஜீப் தகட்டு வேலை

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளுக்கும் அவற்றின் வழிவந்த மகிந்திரா வண்டிகளுக்கும் துருவில் போன உடற்பகுதிகளைத் தகட்டிலிருந்து புதிதாகச் செய்து பொருத்தும் தொழில். தமிழ்நாட்டில் இது டிங்கரிங் பட்டறைகளில் வளர்ந்தது. வண்டி ஓட வேண்டும் என்பதே முதலில் நோக்கம். பழைய இராணுவ வண்டியை ஆலையிலிருந்து வந்த கோலத்துக்கே மீட்க வேண்டும் என்ற ஆசை வெகுகாலம் கழித்து வந்தது. முன்னது செய்துவைத்த ஒட்டுகளைப் பிரித்தெடுப்பதிலேயே பின்னதன் பாதி உழைப்பு போய்விடுகிறது.

தகட்டுக்கேற்ற வண்டி

1940இல் அமெரிக்க இராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு உளவு வண்டி ஒன்றைக் கேட்டு 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. எடை 590 கிலோவைத் தாண்டக் கூடாது, 49 நாளில் முதல் வண்டி கைக்கு வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். பாண்டம் நிறுவனம் செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. எடை வரம்பு நடக்கிற காரியமல்ல என்று தெரிந்தபின் அது ஏறத்தாழ 980 கிலோவாகத் தளர்த்தப்பட்டது. போர் முடிவதற்குள் வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற இரு வகையும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் வெளிவந்தன.

அவசரமும் எடையும்தான் உடலின் வடிவத்தைத் தீர்மானித்தன. எஃகுக் கதவு இல்லை, கூரை இல்லை. பெரும்பகுதி ஏறத்தாழ 1.2 மி.மீ. தகட்டை, பட்டறை மொழியில் 18 கேஜ் ஷீட்டை, நேர்கோட்டில் மடித்து ஸ்பாட் வெல்டிங்கில் இணைத்ததுதான். அம்பாசிடர் காரின் உருண்ட பானெட்டைக் கையால் அடித்து உருவாக்கச் சொன்னால் எந்த டிங்கரும் தயங்குவார்; ஜீப்பின் தரைத்தகட்டைச் செய்ய மடிக்கும் எந்திரம் ஒன்று இருந்தால் போதும். ஜீப்பின் நீண்ட ஆயுளுக்கு இயந்திரத்தைப் புகழ்வது வழக்கம். கிடைத்த தகட்டைக் கொண்டு எந்த ஊரிலும் திரும்பச் செய்துகொள்ள முடிந்த உடலுக்கும் அந்தப் புகழில் சரிபாதி சேர வேண்டும்.

இரு நிறுவனங்களின் வண்டிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மீட்பவருக்கு வேறுபாடுகள் முக்கியம். தொடக்கத்தில் வந்த ஏறத்தாழ 25,000 வில்லிஸ் வண்டிகளின் முன்கிராதி இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்து ஆனது. பிறகு ஃபோர்டு வடிவமைத்த, ஒரே தகட்டை அழுத்தி எடுத்த ஒன்பது பிளவுக் கிராதியே இரண்டுக்கும் பொதுவானது. சேஸிஸின் முன்குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ப வடிவம். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது.

இந்தியாவுக்கு வந்தபின்

அயல்நாட்டுச் சட்டகத்தின்மேல் உள்ளூர்த் தகட்டைப் பொருத்துவது இங்கே போர்க்காலத்திலேயே நடந்தது. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சட்டகங்களின்மீது டாட்டா ஆலையின் கவசத்தகட்டைக் கொண்டு இரயில்வே பட்டறைகள் கட்டிய கவச வண்டிகள் இந்தியப் படைக்கு ஆயிரக்கணக்கில் போயின. தெற்கே பெட்ரோல் தட்டுப்பாட்டைச் சமாளிக்க டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து பேருந்துகளில் பூட்டியது.

போர் முடிந்ததும் இராணுவ உபரி ஏலத்துக்கு வந்தது. 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் மும்பை மசகானில், பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அமெரிக்காவில் 1953இல் வந்த, பானெட் உயர்ந்த சி.ஜே.3பி வகை இங்கே உரிமம் பெற்றுப் பல பத்தாண்டுகள் தயாராயிற்று. ஆக, போர்க்கால வண்டிக்கு உறவுள்ள உடல் இந்தியச் சாலையில் ஒரு தலைமுறைக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. படையில் 1969 முதல் ஜபல்பூரில் செய்த நிசான் வழி ‘ஜோங்கா’ சேர்ந்தது; 1990களில் ஜிப்சி வண்டி அதன் இடத்தைப் பிடிக்க, ஜோங்காக்களும் ஏலத்துக்கு வந்தன.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தைகள் இத்தொழிலுக்குச் சாமான் கொடுத்தன. சென்னையில் புதுப்பேட்டை பெயர்பெற்றது. வடக்கே அரியானாவின் மண்டி டப்வாலி ஜீப்பைப் புதிதாகக் கட்டித் தருவதையே ஊர்த்தொழிலாக்கிக்கொண்டது. பிலிப்பைன்ஸின் எம்.டி. ஜுவான் நிறுவனம் போர்க்கால ஜீப்பின் முழு உடலையும் அச்சுப்படி செய்து உலகெங்கும் அனுப்புகிறது.

தாமிரபரணிப் படுகையில்

இங்கே ஜீப் சேகரிப்போரின் பொருளாக வரவில்லை. வட்டாட்சியர், வளர்ச்சி அலுவலர், மின்வாரியம், பொதுப்பணித்துறை, வனத்துறை என அரசு அலுவலகங்களின் வண்டியாக வந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறுவதற்கும் அதுவே உதவியது. அலுவலகங்கள் கழிவு செய்த வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்கு மாறின.

இந்தப் படுகையின் இரு முனைகளும் தகட்டுக்குப் பகை. மேற்கே நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டின் மழைக்கணக்கில் அடிக்கடி முதலிடம் பிடிப்பவை. கிழக்கே ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலைச் சுற்றி உப்பளக் காற்று. மலைவண்டியைக் கீழிருந்து மேலேறும் ஈரம் அரிக்கும். கடற்கரை வண்டியில் துரு பெயின்டுக்கு அடியில் கொப்புளமாகக் கிளம்பும்.

ஜீப்பின் அமைப்பே துருவுக்கு இடம்கொடுத்தது. போர்க்கால வண்டியின் தரைக்கடியில் ஓடும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டைகளைச் செருகியிருந்தார்கள். அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை உள்ளிருந்தே தின்னவைத்தன. ஓட்டுநர் இருக்கையின் கீழே பெட்ரோல் டாங்க் உட்காரும் பள்ளம் இருக்கிறது. அதன் வடிகால் துளை சேற்றில் அடைத்துக்கொண்டால் அது தண்ணீர்த்தொட்டிதான். உடலின் பின்மூலைகளிலுள்ள கருவிப்பெட்டிகளின் அடித்தகடு துருவுக்கு மூன்றாவது இடம்.

வேலை நடக்கும் விதம்

ஓடவேண்டிய வண்டிக்குப் பட்டறைகள் செய்த வைத்தியம் எளிமையானது. இற்றுப்போன தரைக்குமேல் இன்னொரு தகட்டை வைத்து ஒட்டுவது, அல்லது 3 மி.மீ. பூப்போட்ட பிளேட்டைப் பரப்பிவிடுவது. 1.2 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 9.4 கிலோ, 3 மி.மீ. ஆனால் 23.6 கிலோ. கிராமுக்குக் கணக்குப் பார்த்து உருவாக்கிய வண்டி இப்படித்தான் கனத்தது. போர்க்கால ஜீப்புகள் அனைத்தும் இடப்புற ஓட்டு. இங்கே வலப்புறம் மாற்ற ஃபயர்வாலில் புதுத்துளை போட்டுப் பழையதை அடைத்தார்கள். பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றி டீசல் வைத்தபோது அதே தகட்டை மறுபடி வெட்டினார்கள். இவற்றைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அந்த வெட்டும் ஒட்டும் இல்லையென்றால் மீட்பதற்கு வண்டியே மிஞ்சியிருக்காது.

மீட்பு வேலை, பட்டியையும் பெயின்டையும் சுரண்டி உண்மைத் தகட்டைக் காண்பதில் தொடங்குகிறது. பித்தளை வெல்டிங் செய்த பழைய ஒட்டுகளே பெருந்தொல்லை. பித்தளை படிந்த விளிம்பில் சி.ஓ.2 வெல்டிங் பிடிக்காது, விரிசல் விடும். அந்த விளிம்பை விரற்கடை அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட்டே புதுத்தகட்டைச் சேர்க்க வேண்டும். அதனால் கைக்குட்டையளவு ஓட்டை என்று தொடங்கியது பாதித் தரையை மாற்றுவதில் போய் நிற்கும்.

அடுத்தது அட்டை மாதிரி. சிதையாத பக்கத்திலிருந்து வடிவம் எடுத்து, மடிப்புக்கு வேண்டிய கூடுதலைச் சேர்த்து, சி.ஆர். ஷீட்டில் கோடு கீறி வெட்டுவார்கள். பீரோ செய்யும் பட்டறையின் பெண்டிங் மிஷினிலேயே நேர்மடிப்புகளை எடுத்துவிடலாம். தரையை விறைப்பாக்கும் நீளவரிகள்தான் சோதனை. ஆலையில் அவை ஒரே அழுத்தத்தில் விழுந்தவை. இங்கே வன்மரக் கட்டையில் பள்ளம் வெட்டி, அதன்மேல் தகட்டை இறுக்கி, மழுங்கிய உளியால் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். ஓரிடத்தில் அவசரப்பட்டால் தகடு முழுவதும் முறுக்கிக்கொள்ளும். தகட்டை இழுத்தால் எங்கிருந்தோ அது வந்தாக வேண்டும் என்பது அனுபவசாலிக்குக் கையில் தெரியும். விளிம்புகளை முதலில் மடிக்காமல் விட்டு, வரிகள் இறங்கியபின் மடிப்பது அதனால்தான்.

பானெட் மென்மையான வளைவு கொண்டது. ஒடுக்கு எடுப்பதில் பாத்திரக்காரருக்கும் டிங்கருக்கும் கோட்பாடு ஒன்றே: உள்ளே டாலி, வெளியே சுத்தியல், இரண்டுக்கும் நடுவே தகடு. அடிபட அடிபட உலோகம் இறுகும். பித்தளையைக் காய்ச்சி இளக்குவதுபோல் மெல்லிய எஃகை முழுவதும் காய்ச்ச முடியாது, நெளிந்துவிடும். விரிந்துபோன இடத்தில் காசளவு மட்டும் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியால் அணைத்தால் அது சுருங்கிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டத்தைக் கவிழ்த்துச் சாய்க்கப் பானெட்டின்மேல் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். அவற்றையும் மறக்காமல் வைப்பவரே முழுமையாக மீட்டவர்.

ஸ்பாட் வெல்டிங் எந்திரம் இல்லாத பட்டறையில் மேல்தகட்டில் துளையிட்டு, அதை வெல்டிங்கால் நிரப்பித் தேய்த்துவிடுவார்கள். பெயின்டு அடித்தபின் வித்தியாசம் தெரிவதில்லை. லேசர் கட்டிங் பரவியபின் கிராதியின் ஒன்பது பிளவுகளும் அச்சாக வெட்டப்படுகின்றன. ஆனால் பிளவின் உதடு உள்நோக்கி மடிவதை லேசர் தராது. போலியை அங்கே தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக்குவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019இல் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. 2021இல் வந்த மத்திய விதிகள், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் தனிப் பதிவு அளித்தன. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். சட்டகம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றைக் கணிசமாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழையதைப் போலவே செய்த புதுத்தகடு மாற்றத்தில் சேருமா, பழுதுநீக்கத்தில் சேருமா என்பது இந்தியச் சூழலில் முக்கியமான கேள்வி. ஏனெனில் மூலத்தகட்டோடு இங்கே தப்பிய ஜீப் அரிது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறை தவிர வேறெவரும் தம் வண்டிக்கு ஆலிவ் பச்சை பூசக் கூடாது. ஒவ்வொரு மடிப்பையும் 1943க்குத் திருப்பிக் கொண்டுபோன இராணுவ ஜீப்பும் சாலைக்கு வர வேண்டுமென்றால் வேறு நிறத்தில்தான் வர முடியும்.