முதுகுத்தண்டும் உரையாடும் பொறியும்

உடல் வளைவைக் குறையென எண்ணும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாடலில், மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளுள் கூனும் ஒன்றாக வைக்கப்பெற்றுள்ளது. கலித்தொகையின் 94ஆம் பாட்டோ கூனியையும் குறளனையும் காதல் பேசவிட்டு நகைக்கின்றது. கூன்பாண்டியன் நின்றசீர் நெடுமாறன் ஆன வரலாற்றிலும் முதுகு நிமிர்ந்ததே பெரிதாகப் பேசப்படுகிறது; நிமிரும் முன்னர் அம்மன்னன் உள்ளம் பட்ட பாட்டை யார் கேட்டார்?

இன்று மருத்துவர் ஸ்கோலியோசிஸ் என்று கூறுவது கூனினின்றும் வேறானது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வதே அது. வளரிளம் பருவத்தினருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது தோன்றுகிறது. பெரும்பாலோரிடம் காரணம் புலப்படவில்லை. பெருவளைவு சிறுமியரிடமே மிகுதி. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஆம்புருவாஸ் பாரே இதற்கு இரும்புக் கச்சை செய்வித்தார். 1946இல் அமெரிக்காவில் பிளவுண்ட், ஷ்மிட் என்னும் இருவர் ஆக்கிய மில்வாக்கிக் கச்சை மோவாய்வரை எழுந்து நின்றது. நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டியிருந்தது. வளைவின் பாகையை அளக்க 1948இல் காப் என்பார் முறை வகுத்தார். மனச்சுமையை அளக்கும் கோல் அத்துணை விரைவில் வரவில்லை.

ஆயினும் மனத்தைப் புறக்கணிக்க இயலாதென்பதை 2013இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வொன்று காட்டிற்று. கச்சை அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு அறுவை தேவைப்படும் அளவை எட்டவில்லை. அணியாதோருள் அவ்வாறு தப்பியோர் 48 பேரே. நாளில் ஏறத்தாழ 13 மணி நேரத்திற்கு மேல் அணிந்தோரிடம் வெற்றி நூற்றுக்கு 90ஐத் தாண்டியது. பினாங்கின் வெக்கையில், பள்ளிச் சீருடைக்குள் பிளாஸ்டிக் கச்சையோடு படிவம் இரண்டில் அமரும் சிறுமி, தோழியர் பார்வைக்கு அஞ்சி அதனைக் கழற்றிவிட்டால் மருத்துவம் அங்கேயே நின்றுவிடும். மனம் ஒப்பினால்தான் கச்சை உடலில் தங்கும்.

அம்மனத்தின் சொல்லைக் கேட்பவர் யார்? 1953இல் லண்டனில் சாட் வரா பாதிரியார் தொடங்கிய தொலைபேசித் தொண்டின் வழியில் 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் எழுந்தது. பினாங்கிலும் அத்தொண்டு வேரூன்றியது. அவையெல்லாம் மனிதர் செவிகள்.

பொறிச்செவியின் வரலாறு 1966இல் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் ஆக்கிய எலிசா, தட்டெழுதியவர் சொல்லையே வினாவாகத் திருப்பிக் கேட்டது. அதற்குப் பொருள் ஏதும் விளங்காது. எனினும் அதனோடு தனித்துப் பேச விரும்பிய அவருடைய செயலாளர், அவரையே அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம்! தம் படைப்பின் வெற்றி கண்டு மகிழவேண்டிய அறிஞர் அஞ்சினார். 1976இல் நூலெழுதி எச்சரித்தார். அவ்வச்சம் வீணன்று. ஆனால், அச்செயலாளர் தேடியது என்ன? நகையாத ஒரு செவி. கச்சை அணிந்த சிறுமி தேடுவதும் அதுவே.

2017இல் வோபாட் என்னும் உரையாடற் பொறி 70 இளைஞரிடம் சோதிக்கப்பெற்று, இரண்டே வாரத்தில் சோர்வு சற்றுத் தணிந்ததெனக் கண்டனர். 2025இல் அது மக்கள் பயன்பாட்டினின்று நிறுத்தப்பட்டது. பெங்களூரில் தோன்றிய வைசா, நாட்பட்ட எலும்பு தசை வலியோடு வரும் மனச்சோர்வுக்கென 2022இல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் சிறப்புத் தகுதி பெற்றது. முதுகு வளைந்தோர்க்கு மிக நெருங்கிய முன்மாதிரி இதுவே எனலாம். ஆனால், உற்று நோக்குக: வோபாட் சோதனையில் கலந்துகொண்டோர் 18 முதல் 28 வயதினர், வைசா பெற்ற தகுதியும் 18 நிரம்பியோர்க்கே. கச்சை அணிவோரோ பெரும்பாலும் 10 முதல் 15 வயதினர்! பெரியோரிடம் தேறிய பொறியைச் சிறுவர் கையில் அப்படியே கொடுப்பது, பெரியவர் அளவுக்குச் செய்த கச்சையைக் குழந்தைக்குப் பூட்டுவது போன்றது.

மலேசியச் சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதின்ம வயதினருள் நால்வரில் ஒருவர் மனச்சோர்வுற்றோராகக் காணப்பட்டனர். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவோ 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, உயிரை வெறுத்த பிள்ளை வாய் திறந்து உண்மை சொல்லச் சட்டமும் தடையாக நின்றது. அத்தடை இன்று இல்லை. பொறியிடம் நள்ளிரவில் தட்டெழுதிய துயரைக் காலையில் வகுப்பாசிரியரிடம் தன் தாய்மொழியிலேயே அப்பிள்ளை சொல்லலாம்.