பனமலைச் சுவரில் ஒரு வேதியியல் பாடம்

செஞ்சிப் பக்கத்தில் பனமலையை அறியாதவர் இருக்க மாட்டார்கள். குன்றின் மேலுள்ள தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பல்லவன் ராஜசிம்மன். அங்கே ஒரு சிறு சன்னதியின் சுவரில் குடை நிழலில் நிற்கும் உமையம்மையின் ஓவியம் இன்றும் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிறம் எப்படித் தாங்கியது? விடை நாம் பள்ளியில் படித்த பாடத்தில்தான் இருக்கிறது.

மண்ணும் கல்லும் தருபவை கனிமச் சேர்மங்கள். செடி கொடி, உயிர்களிலிருந்து கிடைத்தவற்றைக் கரிமச் சேர்மங்கள் என்றார்கள். உயிர்ச்சக்தி இல்லாமல் இவற்றை ஆக்க முடியாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1828இல் ஜெர்மானியரான வோலர், சிறுநீரில் இருக்கும் யூரியாவை ஒரு கனிம உப்பிலிருந்தே ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். அதன்பின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்று கரிமம் என்றால் கார்பன் அணுக்களை எலும்புக்கூடாகக் கொண்ட சேர்மம் என்று பொருள். சுண்ணாம்புக் கல்லிலும் கார்பன் உண்டு. ஆனாலும் அது கனிமத்தில்தான் சேரும்.

பழைய சுவரோவியங்களின் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் காவிமண். அது இரும்பு ஆக்சைடு, அதாவது ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு. துரு மேலும் துருப்பிடிக்காது, வெயிலுக்கும் அசையாது. அடியில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிவிடும்.

இலைச் சாயத்தின் கதை வேறு. நம் தென்னார்க்காட்டில் அவுரி பயிரிட்டு நீலம் எடுத்த காலம் உண்டு. அந்த நீலம் கரிமச் சேர்மம். வெயில் பட்டால் நாளடைவில் வெளுக்கும். கார்பன் சேர்மம் என்பதால் தொழிற்சாலையிலும் ஆக்கலாம். 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி வயல்கள் நலிந்தன.

ஆனால் கனிமத்துக்கும் எமன் உண்டு. கசியும் மழைநீர் சுண்ணாம்பைப் பெயர்க்கும். பெயர் கிறுக்கும் நகம் ஒரு நொடியில் அழிக்கும். பனமலையில் அம்மையின் எதிரே ஆடிய சிவன் இப்போது மங்கிய கோடுகளாகத்தான் தெரிகிறான். பேரப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: கண்ணால் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.