யாவ் மலையிலிருந்து பட்டுக் கிராமத்துக்கு

இலக்கிய நிகழ்ச்சியில் ஒரு சமூகவியலாளருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். பெய் சியாவோதுங் சீனக் கிராமங்களைப் பற்றி எழுதியவற்றைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். புள்ளிவிபரங்களுக்கு நடுவே மனிதரைக் காணத் தெரிந்தவர் அவர். அந்தப் பார்வையை ஊரூராக நடந்து பெற்றார். அந்த நடைக்கு அவர் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

1910 இல் கியாங்சு மாகாணத்து வூசியாங்கில் பிறந்த இவர், யென்சிங் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றார். 1932 இல் அங்கு விரிவுரையாற்ற வந்த அமெரிக்கப் பேராசிரியர் றொபேட் பார்க், மாணவரை நகரின் சந்தடி மிகுந்த இடங்களுக்கும் சிறைச்சாலைக்கும் அழைத்துச் சென்று, பார்த்து எழுதும்படி சொன்னாராம். அதன்பின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் சிரோகொகொரொவ் என்ற ரஷ்ய அறிஞரிடம் மாணவரானார். அவர் மனித உடலை அளந்து ஆராயும் முறையைக் கற்பித்தார். மலைக்குப் போகும் மாணவனுக்கு முழங்கால்வரை வரும் கனத்த தோற் சப்பாத்தும் செய்வித்துக் கொடுத்தார். இந்தச் சப்பாத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1935 ஓகஸ்டில் பெய், தம்மோடு யென்சிங்கில் பயின்ற வாங் துங்ஹுயைத் திருமணம் செய்தார். மணமான கையோடு இருவரும் தெற்கே குவாங்சி மாகாணத்தின் பெரிய யாவ் மலைக்குப் புறப்பட்டனர். அங்கு வாழும் யாவ் மக்களின் உடலமைப்பை அவர் அளப்பது, குடும்பத்தையும் சமூக ஒழுங்கையும் இவர் விசாரிப்பது என்று வேலையைப் பகிர்ந்துகொண்டனர். பாதைகளெல்லாம் செங்குத்தானவை, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக நாள் முழுதும் ஏறி இறங்கவேண்டும்.

டிசெம்பர் 16 ஆம் திகதி, வழிகாட்டி முன்னே போய்விட, இருவரும் மூங்கிற் காட்டில் வழி தவறினர். இருட்டும் வேளை. எதிரே தெரிந்ததைக் குடிசை என்று எண்ணிப் பெய் உள்ளே நுழைந்தார். அது புலிக்கு வைத்த பொறி. மரமும் கல்லும் அவர்மேல் சரிந்தன. வாங் துங்ஹுய் ஒவ்வொரு கல்லாக அகற்றிக் கணவரை வெளியே எடுத்தார். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. உதவி தேடிவர அந்த இரவில் மனைவி தனியாக மலையிறங்கினார். திரும்பி வரவில்லை. மறுநாள் பெய் தவழ்ந்து தவழ்ந்து சென்று, மாடு மேய்க்க வந்த யாவ் பெண்ணொருத்தியின் கண்ணிற்பட்டு உயிர் தப்பினார். ஏழு நாளின் பின் மலையோடையில் வாங்கின் உடல் கிடைத்தது. மணமாகி நான்கு மாதமும் நிறையவில்லை. ஆசிரியர் கொடுத்த சப்பாத்துத்தான் தம் காலைக் காத்தது என்று பெய் பிற்காலத்தில் எழுதினார்.

வாங் திரட்டிய குறிப்புகளை ஒழுங்குசெய்து, யாவ் மக்களின் ஒரு பிரிவினரது சமூக அமைப்புப் பற்றிய நூலை அவர் பெயரையும் தாங்கி 1936 இல் பெய் வெளியிட்டார். சமூக அமைப்பு என்ற அந்தப் பகுதி உண்மையில் வாங்கின் உழைப்பு. பெய்யின் புகழ் பேசுவோர் பலர் இதனை ஒரு வரியில் கடந்து போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உடலும் மனமும் தேறுவதற்காக அவர் தமக்கையார் பணியாற்றிய கைசியன்கொங் என்ற கிராமத்துக்கு 1936 கோடையில் போனார். தாய் ஏரியின் தென்கிழக்கில், வாய்க்கால்களுக்கு நடுவே அமைந்த ஊர். ஏறக்குறைய 360 குடும்பங்கள். தமக்கையார் பட்டுத் தொழில்நுட்பம் அறிந்தவர். உலகச் சந்தையில் பட்டு விலை வீழ்ந்து கிராமம் கடனில் மூழ்கியபோது, 1929 இல் அங்கே கூட்டுறவுப் பட்டாலையொன்று தொடங்குவதற்கு முன்னின்றவர் அவரே. ஓய்வெடுக்கப் போனவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு மாதமளவில் ஊரையே விசாரித்து முடித்துவிட்டார்.

அவர் கண்டவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். காலையில் ஊரிலிருந்து பட்டணத்துக்கு ஒரு வள்ளம் போகும். எண்ணெய்ப் போத்தலையும் கூடையையும் கொடுத்து வேண்டியதைச் சொல்லிவிட்டால், வள்ளக்காரர் வாங்கிவந்து மாலையில் தருவார். அந்த வேலைக்கு ஊராரிடம் கூலி கேட்பதில்லை. அவரைக் கவனித்துக்கொள்பவர்கள் பட்டணத்துக் கடைக்காரர்கள். யாருடைய பணம் யாரிடம் எப்படிப் போகிறது என்பதை ஒரு வள்ளத்தை வைத்தே விளக்கிவிடுகிறார்.

மற்றையது பட்டாலை. முன்பு குறைந்தது 350 பெண்கள் வீட்டிலிருந்து நூல் எடுத்தனர். இயந்திரம் வந்ததும் அதே வேலைக்கு 70 பேர்கூடத் தேவைப்படவில்லை. ஊரைக் காக்க வந்த ஆலை பல பெண்களின் கையிலிருந்த தொழிலைப் பறித்தது. தமக்கையின் முயற்சி என்பதற்காகப் பெய் இதனை மறைக்கவில்லை. வேலை கிடைத்த பெண்களின் நிலையும் மாறியது. மழை நாளில் குடை கொண்டுவர மறந்த கணவனை ஆலைத் தொழிலாளி ஒருத்தி எல்லோர் முன்னிலும் ஏசியதை அவர் குறித்துவைத்தார். சம்பளம் குடும்பத்தின் மரியாதை ஒழுங்கை மாற்றிய கதை அந்தக் குடைக்குள் அடங்கிவிடுகிறது.

இக்குறிப்புகளுடன் இலண்டன் சென்று, பேராசிரியர் மலினோவ்ஸ்கியிடம் பயின்று 1938 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். நூல் 1939 இல் ஆங்கிலத்தில் வந்தது. மறைந்த மனைவிக்கே அதனைக் காணிக்கையாக்கினார். அதற்கு முன்னுரை எழுதிய மலினோவ்ஸ்கி, தொலைதூரத்து அந்நியரையன்றித் தன் சொந்த மக்களையே ஒருவர் ஆராய்ந்ததைப் பெரிதும் பாராட்டினார். ஆனால் அதே வகுப்பில் இருந்த எட்மண்ட் லீச் 1982 இல் வேறொன்று சொன்னார். சொந்தச் சமூகத்தை ஆராய்பவருக்கு முன்கூட்டிய எண்ணங்கள் இடைஞ்சலாகும், ஒரு கிராமம் சீனாவுக்குப் பிரதிநிதி ஆகாது என்பது அவர் வாதம். நமது நாட்டின் புல் எலிய என்ற ஒரே கிராமத்தை வைத்து 1961 இல் நூல் எழுதிய லீச்தான் இதைக் கேட்டார் என்பது சுவையான விடயம். பெய் அளித்த மறுமொழி எளியது: ஒரு கிராமம் முழு நாடாகாது; ஆகவே வேறு வகைக் கிராமங்களையும் தேடிப்போய் ஒப்பிடவேண்டும். யப்பானிய யுத்த காலத்தில் யுனான் மாகாணத்தில், பழைய கோயிலொன்றில் ஆய்வு நிலையம் வைத்துக்கொண்டு அவரும் தோழர்களும் செய்தது அதுதான்.

1940களின் பிற்பகுதியில் சீன மொழியில் எழுதிய கட்டுரைகளில் ஓர் உவமை புகழ்பெற்றது. மேற்கத்தியச் சமூகம் கட்டிவைத்த விறகு போன்றது. கட்டுக்குள் யார், வெளியே யார் என்பது தெளிவு. சீனச் சமூகமோ குளத்தில் எறிந்த கல் எழுப்பும் அலைவட்டம். ஒவ்வொருவரும் தத்தம் வட்டத்தின் நடுவில் நிற்கிறார். தூரம் போகப் போக உறவு மெலிகிறது. செல்வாக்குள்ளவரின் வட்டம் பெரிது, அது குறைந்தால் வட்டமும் சுருங்கும்.

1952 இல் சீனப் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் ஒரு துறையாக இல்லாமற் செய்யப்பட்டது. 1957 இல் பெய் மீண்டும் கைசியன்கொங் சென்றார். நெல் விளைச்சல் கூடியிருந்தது. பட்டும் பிற கைத்தொழில்களும் ஒடுங்கியதால் மக்கள் கையில் காசில்லை. கண்டதை எழுதினார். கட்டுரைத் தொடர் இடையில் நின்றது. அவர் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுதந்திரமாக ஆய்வு செய்ய அவருக்கு வழியிருக்கவில்லை. கலாசாரப் புரட்சியின்போது மலசலகூடம் கழுவவும் வைத்தார்கள்.

1978 இல் யாவ் மலைக்கு மறுபடியும் போனார், வயது 68. 1988 வரை மேலும் மூன்று தடவை சென்றார். கைசியன்கொங்குக்கு வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட தடவை போனார். ஊர்க் கைத்தொழில் வேண்டும் என்று அவர் சொல்லிவந்தது 1980களில் கொள்கையாளரின் காதிலும் விழுந்தது. அந்த ஆண்டுகளின் பயணக் கட்டுரைகளைத் தொகுத்து 1992 இல் வெளியிட்டபோது, 'நடந்து நடந்து மேலும் நடந்து' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். ஹான் காலத்துப் பழைய சீனக் கவிதையொன்றின் தொடக்கம் அது. நமது பாலைத்திணைப் பாடல்களைப் போல, நெடுவழி சென்றவரைப் பிரிந்திருக்கும் துயரைப் பாடுவது அக்கவிதை. நூலின் உள்ளே இருப்பவை சிறு பட்டணங்களும் தொழிற்சாலைகளும். 2005 ஏப்ரல் 24 இல் பீஜிங்கில் பெய் காலமானார். வாங் துங்ஹுயின் பெயரிலுள்ள எழுத்தொன்று, பெய்யின் இரண்டாவது திருமணத்தில் பிறந்த மகளின் பெயரிலும் இருக்கிறது.