சிறார் உயர் இரத்த அழுத்தம்

பிள்ளைகளுக்கும் இரத்தக் கொதிப்பு வரும். பெரும்பாலும் அறிகுறி காட்டாது. சிறு வயதில் சிறுநீரகக் கோளாறு முக்கியக் காரணம். பதின்பருவத்தில் உடற்பருமனும் பரம்பரையும். 13 வயதுக்கு மேல் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை 130/80 அல்லது அதற்கு மேல் காட்டினால் நோய். 13 வயதுக்குக் கீழ் என்றால் வயது, பாலினம், உயரம் பார்த்தே கணிப்பார்கள். அழுத்தம் அளக்கும் கைப்பட்டை சிறியதானால் அளவு பொய்யாக ஏறும்.

உப்பு மிகுந்தாலும் அழுத்தம் ஏறும். மலேசியாவின் பழைய வெள்ளீயச் சுரங்க வட்டாரமான பத்து காஜாவில், தோட்டத்துச் சமையலின் கருவாடும் ஊறுகாயும் இன்றும் தட்டில் உண்டு. அவற்றோடு மெகி மீ என்னும் உடனடி நூடுல்ஸும் சேர்ந்துவிட்டது. அதன் உப்பு பெரும்பாலும் மசாலாப் பொட்டலத்தில்தான். பாதியைக் கொட்டிவிடுங்கள், சூப்பை மிச்சம் வையுங்கள். உடற்பருமனைக் கூட்டும் இனிப்புப் பானங்களுக்கு மலேசியா 2019 ஜூலையில் வரி விதித்தது; வீட்டில் தண்ணீரே போதும். மாலையில் பந்து விளையாட விடுங்கள். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு ஆண்டுக்கொரு முறை அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.