வெட் புளூ தெரியும், வாக்கியம்தான் வராது

காலையில் நாட்றம்பள்ளி நெடுஞ்சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகும் ஷூ கம்பெனி பஸ்களைப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் பெண்கள். கேட்டால், “எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதுங்க” என்பார்கள். ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அப்பர், லைனிங், இன்சோல், ரிஜெக்ட் என்று வரிசையாக வந்து விழும். இந்த முரணுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம்மூர் மாட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்று பெயர். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் போனது. தோலைப் பதனிட்டவர்கள் இங்கே பேசியது தமிழும் தக்கனி உருதுவும். சரக்கு சென்னைப் பெரியமேட்டுக்குப் போகும். ஏற்றுமதிக் கம்பெனியின் கடிதமும் லண்டன் ஏல விலையும் இங்கிலீஷில் இருக்கும். தோல் இவர்களுடையது, விலை பேசும் மொழி வேறு ஆளுடையது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. அது பையன்களுக்கான வழி. ஏற்கெனவே தோல்ஷாப்பில் இறங்கிவிட்ட பெரியவர்கள் இங்கிலீஷ் கற்க எந்தப் பள்ளியும் இல்லை.

நிலைமை மாறியது 1970களில். சீதாராமையா கமிட்டி 1972இல் அறிக்கை தந்தது. அதையடுத்து கச்சாத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. இனி முழுசாக முடித்த தோலையும் செருப்பையும் ஷூவையும்தான் விற்க வேண்டும். புது மெஷின், புது ரசாயனம், வெளிநாட்டு பையர் எல்லாம் ஊருக்குள்ளேயே வந்தார்கள். கூடவே வார்த்தைகளும் வந்தன. குரோமியம் உப்பில் ஊறிய ஈரத்தோல் நீலமாக இருக்கும். அதனால் அது ‘வெட் புளூ’. இதை யாரும் அகராதி பார்த்துப் படிக்கவில்லை. டிரம்மிலிருந்து தோலை இழுத்துப் போட்ட கைக்கு அந்தச் சொல் தானாகவே புரிந்தது.

வயசானபின் மொழி கற்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. கையில் பொருளாக இருக்கும் சொல் ஏற்கெனவே மனதில் நின்றுவிட்டது. இல்லாதது வினைச்சொல்தான். ‘திக்னஸ்’ தெரிந்தவருக்கு ‘திக்னஸ் இஸ் டூ லோ’ என்பது ஒரு எட்டு தூரம். ‘ரிஜெக்ட்’ தெரிந்தவர் அடுத்துக் கற்க வேண்டியது ‘வொய் டிட் யூ ரிஜெக்ட் திஸ்?’ என்ற கேள்வி. தினம் சொல்லும் பத்துப் பெயர்ச்சொற்களுக்கு ஆளுக்கொரு வினை சேர்த்தால், அன்றைய ஷிஃப்டிலேயே பேசிப் பார்க்கலாம். தப்பாகப் பேசினாலும் எதிரே இருப்பவருக்குப் பொருள் புரியும், ஏனென்றால் பொருள் இருவர் கண்முன்னாலும் இருக்கிறது.

இது வெறும் சம்பள உயர்வு விஷயம் இல்லை. பாலாற்றையும் கிணறுகளையும் தோல் கழிவு கெடுத்தபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்ட தீர்ப்பு அது. நாடு முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது எழுதப்பட்டது இங்கிலீஷில். கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு, தன் கிணற்றைப் பற்றிய நியாயத்தையே இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பெரியமேட்டுக் காலத்துக் கதையேதான் இதுவும். பெயர்ச்சொல் மட்டும் தெரிந்தவரால் வேலை செய்ய முடியும். கேள்வி கேட்க வாக்கியம் வேண்டும். நாளைக் காலை அந்த பஸ்ஸில் ஏறும் அக்காவுக்கு இங்கிலீஷில் பாதி ஏற்கெனவே தெரியும். இதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும், முதல் பாடமாக.